ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்கு: வாசகர் கேள்வி–பதில்

பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளி, விரிந்து குளிர்ந்து, இன்று 2.725 கெல்வின் நுண்ணலையாக எல்லாத் திசையிலிருந்தும் நம் மேல் விழுகிறது. இதைத்தான் பின்னணிக் கதிர் என்கிறோம். தென்துருவத்திலும் சிலியின் அட்டகாமா பாலைவனத்திலும் அதை அளக்கும் தொலைநோக்கிகளின் குவியத்தில் இருப்பவை மீக்கடத்தி உணரிகள். அவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்று வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

நுண்ணலைதானே? நல்ல ஆன்டெனாவும் ஆம்ப்ளிஃபையரும் போதாதா? (மின்னணுவியல் மாணவி, கோவை)

குறைந்த அதிர்வெண்ணில் போதும். டபிள்யூமேப் செயற்கைக்கோள் முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபையர்களை வைத்தே 94 ஜிகாஹெர்ட்ஸ் வரை அளந்தது. ஆனால் அலையின் கட்டத்தை, அதாவது ஏற்ற இறக்கத்தில் அலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, காப்பாற்றிப் பெருக்கும் எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் குவாண்டம் விதி ஓர் அடிமட்ட இரைச்சலை விதித்திருக்கிறது. 150 ஜிகாஹெர்ட்ஸில் அது சுமார் 7 கெல்வின். நடைமுறையில் கிடைப்பது அதைப்போலப் பல மடங்கு. போலோமீட்டர் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. வந்த ஆற்றலை வெப்பமாக்கி, வெப்பம் எவ்வளவு ஏறியது என்று மட்டும் பார்க்கிறது. எனவே அந்த அடிமட்டம் அதற்கு இல்லை.

பிளாங்க் செயற்கைக்கோளின் உயர் அதிர்வெண் கருவியில் 52 போலோமீட்டர்கள் இருந்தன. அவற்றில் வெப்பமானியாக இருந்தது மீக்கடத்தி அல்ல, ஜெர்மேனியத் துண்டு. அருமையான உணரி. ஆனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கோத்துப் பொருத்த வேண்டும். ஐம்பதைச் செய்யலாம், ஐயாயிரத்தைச் செய்ய முடியாது.

ஐயாயிரம் எதற்கு? ஒரே ஒரு உணரியை இன்னும் கூர்மையாக்கினால் ஆகாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஆகாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

150 ஜிகாஹெர்ட்ஸ், பட்டை அகலம் 40 ஜிகாஹெர்ட்ஸ், வரும் ஒளியில் உணரிக்குச் சேர்வது 40 சதவீதம் என்று வையுங்கள். வளிமண்டலமும் தொலைநோக்கியும் சேர்ந்து 30 கெல்வின் அளவுக்கு ஒளிர்கின்றன. உணரியில் விழும் திறன் சுமார் 6.6 பிகோவாட் (ஒரு பிகோவாட் என்பது ஒரு வாட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). இதில் பெரும்பகுதி நமக்கு வேண்டாதது. ஆனாலும் ஃபோட்டான்கள் மழைத்துளிபோல ஒழுங்கில்லாமல் விழுவதால் வரும் இரைச்சலை உணரி சுமந்தே ஆக வேண்டும். அது ஒரு ஹெர்ட்ஸின் வர்க்கமூலத்துக்கு சுமார் 59 அட்டோவாட் (பிகோவாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). உணரியின் சொந்த வெப்ப இரைச்சல், நன்றாகச் செய்திருந்தால், 18 தான். இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தால் 62. உணரியை மேலும் கூர்மையாக்கி 18ஐப் பூஜ்யமாக்கினாலும் 59க்குக் கீழே இறங்க வழியில்லை.

பின்னணிக் கதிரின் அலகில் சொன்னால், ஓர் உணரி ஒரு வினாடியில் சுமார் 350 மைக்ரோகெல்வின் தடுமாற்றத்தோடு அளக்கும். பிரபஞ்சம் பிறந்த கணத்தின் ஈர்ப்பலைகள் விட்டிருக்கக்கூடிய பி-வகைத் தளவிளைவு (அலை அதிரும் திசைகள் வானில் வரையும் சுழல் வடிவம்) 0.1 மைக்ரோகெல்வினுக்கும் கீழே, அதாவது ஒரு டிகிரியில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த 0.1ஐ எட்டவே ஒரே புள்ளியைச் சுமார் 140 நாள் கண் இமைக்காமல் பார்க்க வேண்டும். ஆயிரம் உணரி இருந்தால் மூன்றரை மணி நேரம். இந்தத் துறையின் வேலையே 'மிகச் சிறந்த உணரி' செய்வது அல்ல, 'ஒன்றுபோலவே இருக்கும் ஆயிரம் உணரி' செய்வது. கீழே வரும் பதில்கள் அத்தனையும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

மீக்கடத்திக்கு மின்தடையே கிடையாதே. பிறகு அது எதை அளக்கும்? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

மின்தடை பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏறும் அந்தக் குறுகிய சரிவில் படலத்தை நிறுத்தி வைக்கிறார்கள். சரிவின் அகலம் ஒருசில மில்லிகெல்வின்தான். அங்கே வெப்பநிலை இம்மி அசைந்தாலும் மின்தடை பாய்ந்து ஏறும். அதனால் இதற்கு மாறுநிலை விளிம்பு உணரி என்று பெயர். ஆய்வகங்களில் டி.இ.எஸ். என்பார்கள்.

இந்தக் கத்திமுனையில் படலத்தை நிறுத்துவதுதான் பல பத்தாண்டுகள் தொல்லையாக இருந்தது. 1940களிலேயே டொனால்ட் ஆண்ட்ரூஸ் இத்தகைய உணரியைச் செய்துகாட்டினார். ஆனாலும் 1995இல் கென்ட் இர்வின் மாறாத மின்னழுத்தத்தில் ஓட்டும் முறையைக் காட்டிய பிறகுதான் அது பரவலாயிற்று. மின்னோட்டத்தை மாறாமல் வைத்தால், தடை ஏறும்போது சூடும் ஏறி, படலம் சரிவிலிருந்து ஓடிப்போகும். மின்னழுத்தத்தை மாறாமல் வைத்தால் தடை ஏறும்போது மின்சூடு குறையும். வானத்திலிருந்து ஒரு பிகோவாட் கூடினால் மின்சூடு ஏறக்குறைய அதே ஒரு பிகோவாட் குறைந்து, படலம் இருந்த இடத்திலேயே நிற்கும். நாம் படிப்பது அந்தக் குறைவைத்தான்.

எண்களாகப் பாருங்கள்: தடை 4 மில்லிஓம், மின்சூடு 8.4 பிகோவாட் என்றால் உணரியின் குறுக்கே 0.18 மைக்ரோவோல்ட், அதன் வழியே 46 மைக்ரோஆம்பியர். இத்தனை சிறிய மின்னழுத்தத்தை 300 கெல்வினில் உள்ள மின்கலத்திலிருந்து நேரே தர முடியாது. பக்கத்திலேயே 0.4 மில்லிஓம் இணைத்தடை ஒன்றை வைத்து அதற்குள் அரை மில்லிஆம்பியர் அனுப்புகிறார்கள். உணரியின் தடையில் பத்தில் ஒரு பங்குதான் அது, எனவே மின்னழுத்தம் அசையாது.

சிலிக்கன் தட்டிலிருந்து உணரி வரை என்னென்ன படி? வரிசையாகச் சொல்லவும். (செமிகண்டக்டர் நிறுவன ஊழியர், பெங்களூரு)

ஆய்வகத்துக்கு ஆய்வகம் வரிசை மாறும். அமெரிக்காவில் போல்டர் நகரிலுள்ள நிஸ்ட், பாசடீனாவிலுள்ள ஜேபிஎல், சிகாகோவை ஒட்டிய ஆர்கான் ஆகிய மூன்று ஆய்வகங்களுக்கும் தனித்தனிப் பழக்கம் உண்டு. பொதுவான ஓட்டம் இது.

150 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர் (சிலிக்கன் தட்டு), கனம் அரை மில்லிமீட்டர். மேலே சுமார் 450 நானோமீட்டர் வெப்ப ஆக்சைடு, அதன்மேல் இழுவிசை குறைந்த சிலிக்கன் நைட்ரைடு 1 முதல் 2 மைக்ரான். கடைசியில் உணரி தொங்கப்போவது இந்த நைட்ரைடில்தான். ஆக்சைடின் வேலை, பின்பக்கத்திலிருந்து சிலிக்கனை அரிக்கும்போது "இத்தோடு நில்" என்று சொல்வது.

அடுத்தது நையோபியம் தரைத்தளம், சுமார் 300 நானோமீட்டர், ஸ்பட்டரிங் முறையில், அதாவது ஆர்கான் வாயுவின் அயனிகளால் ஓர் இலக்குத்தகட்டை மோதி அணுக்களை உதிர்த்துப் படியவைப்பது. நையோபியம் 9.2 கெல்வினிலேயே மீக்கடத்தியாகிவிடும். சுமார் 700 ஜிகாஹெர்ட்ஸ் வரை அதில் அலை இழப்பில்லாமல் ஓடும். இங்கே இரண்டைக் கவனிக்க வேண்டும். படலத்தில் ஒரு சதவீத அணுக்கள் ஆக்சிஜனாகிவிட்டால் மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தியாகும் வெப்பநிலை) ஏறக்குறைய 0.9 கெல்வின் விழும், ஆகவே அறையின் வெற்றிடம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆர்கான் வாயுவின் அழுத்தம் குறைவாக இருந்தால் படலம் அமுக்க விசையோடு படியும், கூடினால் இழுவிசைக்கு மாறும். நடுவில் விசை கிட்டத்தட்டப் பூஜ்யமாகும் ஓர் அழுத்தம் உண்டு. இலக்குத்தகடு தேயத்தேய அந்த இடம் நகரும். மாதத்துக்கு ஒருமுறை வேஃபரின் வளைவை அளந்து சரிபார்க்காதவர்கள், படலம் உரிந்து சுருண்ட பிறகு அளப்பார்கள்.

அதன்மேல் மின்காப்புப் படலம், சிலிக்கன் ஆக்சைடு அல்லது நைட்ரைடு, 350 முதல் 500 நானோமீட்டர். மேலே மீண்டும் நையோபியம், இம்முறை சில மைக்ரான் அகலப் பட்டைகளாக. ஆன்டெனாவிலிருந்து அலையை ஏந்திவந்து, பட்டைவடிகட்டி வழியாக உணரிக்குச் சேர்க்கும் நுண்பட்டைப் பாதை இதுதான். பட்டையின் ஓரத்தைச் செங்குத்தாக வெட்டினால் அதன்மேல் ஏறும் அடுத்த படலம் படிக்கட்டில் விரிசல் விடும். அதனால் அரிக்கும் ஃபுளோரின் பிளாஸ்மாவில் ஆக்சிஜனும் கலக்கிறார்கள். ரெசிஸ்ட் (அரிக்கக்கூடாத இடத்தை மூடும், ஒளியால் வடிவம் பதித்த பூச்சு) ஓரத்தில் மெல்லப் பின்வாங்க, நையோபியம் சரிவாக அமையும்.

மின்காப்பில்தான் திறன் போகிறது. 10 மில்லிமீட்டர் நீளப் பாதை, 150 ஜிகாஹெர்ட்ஸ், ஒளிவிலகல் எண் 2 என்று கொண்டால், இழப்புக் கோணத்தின் டேஞ்சன்ட் (பொருள் அலையை எவ்வளவு விழுங்கும் என்பதன் அளவு) 0.005 உள்ள ஆக்சைடில் 27 சதவீதம் வழியிலேயே வெப்பமாகிவிடும். 0.001 உள்ள நைட்ரைடில் 6 சதவீதம். வேறு எந்த முன்னேற்றத்தையும்விட இந்த ஒரு படலத்தை மாற்றினால் லாபம் அதிகம்.

இதன்பிறகே உணரிப் படலம். கீழே இருக்கும் நையோபியத்தின்மேல் காற்றுப்பட்டு ஆக்சைடு தோல் வளர்ந்திருக்கும். வெற்றிடத்தை உடைக்காமல் ஆர்கான் அயனியால் அதைச் சுரண்டிவிட்டு உடனே படியவைக்க வேண்டும். சுரண்டல் போதாவிட்டால் தொடுமுனையில் ஒரு மில்லிஓம் ஒட்டிக்கொள்ளும். 4 மில்லிஓம் உணரிக்கு அது சாவு.

பாதையின் முடிவில் தங்கத்தால் ஆன சிறு மின்தடை, அலை வெப்பமாவது அங்கே. அருகில் பெல்லேடியம் அல்லது தங்கப் படுகை. "வெப்பத்தை அளக்கும் கருவிக்கு எதற்குக் கூடுதல் பாரம்?" என்று தோன்றும். பாரமில்லாத உணரி மிக வேகமாகத் துள்ளும், படிக்கும் மின்சுற்றால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் இரண்டும் சேர்ந்து அலையத் தொடங்கும். படுகை அதை நிதானப்படுத்துகிறது.

கடைசியாக, பின்பக்கத்திலிருந்து ஆழ அரிப்பு. அரை மில்லிமீட்டர் சிலிக்கனைத் துளைத்து, நைட்ரைடுத் தீவை நான்கு கால்களில் தொங்கவிடுவது.

எந்தப் படியில் அதிகம் கெட்டுப்போகும்? (மேற்படி வாசகரின் இன்னொரு கேள்வி)

அந்தக் கடைசிப் படியில்தான். அதுவரை சேர்த்த அத்தனை உழைப்பும் தட்டில் இருக்கும்போது.

வேஃபரை மெழுகால் ஒரு தாங்குதட்டில் ஒட்டி, கந்தக ஹெக்சாஃபுளோரைடையும் ஃபுளோரோகார்பன் வாயுவையும் மாற்றிமாற்றி விட்டு அரிக்கிறார்கள். சிலிக்கன் தீர்ந்து நைட்ரைடு மட்டும் மிஞ்சும் தருணத்தில் அந்தத் தீவிலிருந்து வெப்பம் வெளியேற வழியில்லை. முன்பக்க ரெசிஸ்ட் வெந்து, எதிலும் கரையாத கருந்தோலாகிவிடும். மருந்து: கடைசிக் கட்டத்தில் திறனைக் குறைத்து, இடைவேளை விட்டு அரிப்பது. மெழுகில் காற்றுக்குமிழி இருந்தால் அந்த இடம் மட்டும் சூடாகும், எனவே ஒட்டும்போதே வெற்றிடத்தில் அழுத்த வேண்டும்.

விளிம்பில் துளை முடிந்தும் நடுவில் முடியாமல் இருப்பது சாதாரணம். நடுவுக்காகக் காத்திருந்தால் விளிம்பிலுள்ள தீவுகள் அடிப்பக்கம் அகன்றுபோகும். விடுவித்த பிறகு திரவத்தில் அலசவே கூடாது. உலரும் நீரின் பரப்பு இழுவிசை கால்களை முறித்துவிடும். மிச்ச ரெசிஸ்ட்டை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் எரித்தே எடுக்க வேண்டும்.

இன்னொரு வழக்கமான விபத்து: அலுமினியம் சார்ந்த உணரிப் படலத்தின்மேல் வழக்கமான காரத்தன்மை டெவலப்பரை (ஒளிபட்ட ரெசிஸ்ட்டைக் கரைக்கும் திரவம்) ஊற்றுவது. டெவலப்பர் ரெசிஸ்ட்டோடு அலுமினியத்தையும் தின்னும். 30 வினாடி அதிகம் வைத்ததில் கனம் குறைந்து, தடை ஏறி, அந்த வேஃபர் மட்டும் தனிவழி போகும்.

டைட்டானியமா, அலுமினியம்–மாங்கனீசா? எதில் மாறுநிலை வெப்பநிலையைத் துல்லியமாக வைக்க முடியும்? (இயற்பியல் முதுகலை மாணவர், திருச்சி)

தென்துருவத்தின் பைசெப்-2 கருவியில் டைட்டானியம், மாறுநிலை சுமார் 0.5 கெல்வின். ஹீலியம்-3 ஃபிரிட்ஜ் தரும் 0.25 கெல்வினுக்கு அது பொருத்தம். ஆனால் டைட்டானியம் அசுத்தத்தைப் பொறுக்காது. அதே அறையில் யாராவது இரும்பு, நிக்கல் போன்ற காந்த உலோகத்தைப் படியவைத்திருந்தால் மாறுநிலை கீழே சரியும்.

100 மில்லிகெல்வினில் இயங்கும் கருவிகள், அட்டகாமாவில் சுமார் 5,200 மீட்டர் உயரத்திலுள்ள சைமன்ஸ் ஆய்வகம் உட்பட, அலுமினியத்தில் ஆயிரத்துக்கு 2 பங்கு அளவில் மாங்கனீசு கலந்த படலத்தைப் பயன்படுத்துகின்றன. சுத்த அலுமினியத்தின் 1.2 கெல்வின், இந்தச் சிட்டிகை மாங்கனீசால் 0.16 அளவுக்கு வந்துவிடுகிறது. இதில் ஒரு வசதி உண்டு: படியவைத்த பின் சூடுதட்டில் சுமார் 200 டிகிரி செல்சியஸில் பத்து நிமிடம் வைத்தால் மாறுநிலை நகரும். எவ்வளவு நகரும் என்பதைத் தட்டின் வெப்பநிலை தீர்மானிக்கும். எனவே துணை வேஃபர் ஒன்றில் அளந்து பார்த்து, அசலுக்கு வேண்டிய சூட்டைத் தேர்ந்துகொள்ளலாம். பதிலுக்கு ஒரு கட்டுப்பாடு: அதன்பின் எந்தப் படியிலும் அந்தச் சூட்டைத் தாண்டக்கூடாது. மின்காப்புப் படலத்தை உணரிக்கு முன்பே முடித்துவிடுவதற்கு இதுவும் காரணம். சூடுதட்டின் நடுவும் ஓரமும் சில டிகிரி வேறுபட்டால், அதே வேறுபாடு வேஃபரின் குறுக்கே மாறுநிலையில் எழுதப்பட்டுவிடும்.

300 மில்லிகெல்வினில் வேலை நடக்கும்போது 100க்கு இறங்குவது வீண் செலவு இல்லையா? (பொறியாளர், சென்னை)

தரையில் இருக்கும்வரை நியாயமான கேள்வி. மேலே போட்ட கணக்கிலேயே மாறுநிலையை 450 மில்லிகெல்வினாகவும் அடித்தளத்தை (கால்களின் மறுமுனையிலுள்ள வேஃபரின் வெப்பநிலையை) 280ஆகவும் வைத்தால் சொந்த இரைச்சல் 18இலிருந்து 30 ஆகும். மொத்தம் 62இலிருந்து 66 ஆகிறது. ஈடுகட்ட 15 சதவீதம் கூடுதல் நேரம் போதும். விண்வெளியில் வளிமண்டலத்தின் சுமை இல்லாததால் ஃபோட்டான் இரைச்சல் பலவாகக் குறைந்துவிடும். அங்கே 100 மில்லிகெல்வின் ஆடம்பரம் அல்ல.

கால்களின் அளவு எப்படி முடிவாகிறது? (மேற்படி முதுகலை மாணவர்)

தாங்கும் திறனை, அதாவது படலம் சரிவை விட்டு ஏறிவிடாமல் ஏற்கும் மொத்தத் திறனை, முதலில் முடிவு செய்ய வேண்டும். வானச் சுமை 6.6 பிகோவாட் என்றால் உணரி 15 வரை தாங்கவேண்டும், அதாவது இரண்டு மடங்குக்குச் சற்று மேல். மாறுநிலை 160, அடித்தளம் 100 மில்லிகெல்வின் என்றால், கால்களின் வெப்பக்கடத்தல் சுமார் 370 பிகோவாட்/கெல்வின் வருகிறது. இதை நான்கு நைட்ரைடு கால்களில் பகிர்ந்து, சுமார் 10 மைக்ரான் அகலம், பத்துகளிலிருந்து நூறுகள் வரை மைக்ரான் நீளம் என்று அமைப்பார்கள். 10 மைக்ரான் காலில் லித்தோகிராஃபி (ஒளியால் வடிவம் பதிப்பது) ஒரு மைக்ரான் பிசகினால் கடத்தல் ஏறத்தாழ 10 சதவீதம் பிசகும்.

தாங்கும் திறன் குறைந்துவிட்டால், மேகம் வந்த நாளில் வானச்சுமையே படலத்தைச் சரிவின் மேலே தள்ளிவிடும், உணரி குருடாகும். கூடிவிட்டால் பார்வை இருக்கும், இரைச்சல் ஏறும். ஆகவே தவறினால் மேல்பக்கமே தவறுங்கள்.

பல்லாயிரம் உணரிக்குப் பல்லாயிரம் கம்பி இறக்கினால் குளிர்பதனம் தாங்குமா? (மேற்படி பொறியாளர்)

தாங்காது. உணரிகளின் சமிக்ஞை முதலில் ஸ்குவிட் என்ற மீக்கடத்தி மின்னோட்டமானிக்குப் போகிறது. பைசெப்-2இல் 33 நிரை, 16 நிரல் என்று நேரத்தைப் பங்குபோட்டுப் படித்தார்கள். சுமார் 16,000 உணரிகள் கொண்ட தென்துருவத் தொலைநோக்கியின் எஸ்.பி.டி-3ஜி கருவியில் ஒரு கம்பியில் 68, அதிர்வெண்ணைப் பங்குபோட்டு. சைமன்ஸ் ஆய்வகத்தில் ஒவ்வொரு உணரிக்கும் 4 முதல் 6 ஜிகாஹெர்ட்ஸுக்குள் ஓர் ஒத்திசைவி (தனக்கென ஓர் அதிர்வெண்ணில் அதிரும் மின்சுற்று). ஒரு ஜோடிக் கேபிளில் சுமார் 900.

மின்னழுத்தம் ஊட்டும் கம்பியும் பொது. ஒரே கம்பியில் நூறுக்கும் மேற்பட்ட உணரிகள் தொங்கும். அவற்றின் மாறுநிலையும் கால்களும் தடையும் வேறுபட்டால், ஒரே மின்னழுத்தத்தில் ஒன்று சரிவின் உச்சியிலும் இன்னொன்று பள்ளத்திலும் நிற்கும். தனித்தனியாகத் திருத்த வழியில்லை.

பூமியின் காந்தப்புலம் பாதிக்குமா? (பிளஸ் டூ மாணவர், மதுரை)

நிச்சயம். தொலைநோக்கி சுழலும்போது புலம் சமிக்ஞையாகவே தெரியும். மியூ-மெட்டல் (காந்தப்புலத்தைத் தன்வழியே திருப்பிவிடும் நிக்கல் கலப்புலோகம்) உறையும் நையோபிய உறையும் போடுகிறார்கள்.

2014இல் பைசெப்-2 ஆதி ஈர்ப்பலை என்று அறிவித்து, பிறகு பின்வாங்கியது உணரியின் தவறா? (வாசகர், யாழ்ப்பாணம்)

இல்லை. உணரிகள் சரியாகவே அளந்தன. ஆனால் அத்தனையும் 150 ஜிகாஹெர்ட்ஸ். நம் பால்வீதியின் தூசியும் அதே அதிர்வெண்ணில் தளவிளைவோடு ஒளிரும். ஒரே நிறத்தில் பார்ப்பவரால் இரண்டையும் பிரிக்க முடியாது. பிளாங்கின் 353 ஜிகாஹெர்ட்ஸ் அளவீட்டோடு சேர்த்துப் பார்த்தபோது, 2015இல், பெரும்பகுதி தூசிக்குப் போயிற்று. இன்று ஒரே ஆன்டெனாவின் கீழே இரண்டு மூன்று பட்டைகளைப் பிரித்து, பட்டைக்கு இரண்டு தளவிளைவு என்று நான்கு, ஆறு உணரிகள் வைப்பது இதனால்தான்.

செய்துமுடித்த வேஃபர் நல்லதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? (செமிகண்டக்டர் ஊழியர், பெங்களூரு)

முதலில் அறை வெப்பநிலையில் ஒவ்வொரு கம்பிக்கும் தொடர்ச்சி, தரைக்கு ஒழுக்கு. ஒரு மைக்ரான் தூசி 350 நானோமீட்டர் மின்காப்பைத் துளைத்திருந்தால் இங்கேயே பிடிபடும். பிறகு 25 மைக்ரான் அலுமினியக் கம்பியால் பிணைத்து டைல்யூஷன் ஃபிரிட்ஜில் (இருவகை ஹீலியத்தைக் கலந்து 100 மில்லிகெல்வினுக்கும் கீழே குளிர்விக்கும் கருவி) ஏற்றுவார்கள். குளிர்வதற்கு ஒன்றிரண்டு நாள்.

குளிர்ந்ததும் மின்னழுத்தத்தை உச்சத்தில் வைத்துப் படிப்படியாக இறக்க வேண்டும். தொடக்கத்தில் மின்னோட்டம் நேர்கோட்டில் இறங்கும், படலம் சாதாரண உலோகமாக இருக்கிறது. ஓரிடத்தில் கோடு திரும்பி, மின்னழுத்தம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறும். படலம் சரிவுக்குள் வந்துவிட்டது என்று பொருள். இரண்டையும் பெருக்கினால் மாறாத ஒரு திறன் கிடைக்கும், அதுவே தாங்கும் திறன். அடித்தள வெப்பநிலையை மாற்றிமாற்றி இதை ஏழெட்டு முறை எடுத்தால் மாறுநிலையும் கால்களின் கடத்தலும் தனித்தனியே பிரிந்து வரும்.

அவசரப்பட்டு மின்னழுத்தத்தை அதிகம் இறக்கினால் படலம் முழு மீக்கடத்தியாகி அங்கேயே பூட்டிக்கொள்ளும். விடுவிக்க, உச்சத்துக்கு ஏற்றிச் சூடாக்கி மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். நூறு உணரிகள் ஒரே கம்பியில் இருக்கும்போது ஒன்று பூட்டிக்கொண்டாலும் நூறையும் சேர்த்தே ஏற்ற வேண்டும். திரும்பத் திரும்பப் பூட்டிக்கொள்ளும் உணரியை, அடுத்த முறை ஃபிரிட்ஜைத் திறக்கும்போது அதன் பிணைப்புக் கம்பியைப் பிடுங்கி விலக்கிவிடுவார்கள்.